மார்ச் 31-க்கு முன்னால்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணினபோது, "உங்க வேலையைப் பத்தியே பேசுங்க, ஆனா போர் அடிக்காமப் பேசுங்க" என்றார். என் வேலை கணக்கு எழுதுவது. அதிலும் தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதுவது. போர் அடிக்காமல் எப்படிப் பேசுவது? முயற்சி பண்ணுகிறேன். தூக்கம் வருகிறவர்களுக்குப் பின்வரிசையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது.

பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு இருபத்தாறு வருடமாக மானியத்திலும் நன்கொடையிலும் நடக்கிற நிறுவனங்களில்தான் வேலை. கிராமங்களில் களப்பணி செய்கிற பிள்ளைகள் என்னைக் "கணக்கக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். மார்ச் மாதத்தில் மட்டும் வேறு ஏதோ பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று கேள்வி. அது என் காதில் விழுந்ததில்லை.

இந்தத் தலைப்பு இந்தச் சபைக்கு எதற்கு என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் ஓய்வு பெற்ற நம் முன்னாள் மாணவர்களில் பலர் இன்று ஏதோ ஓர் அறக்கட்டளையில் பொருளாளர், அறங்காவலர். "சார், நீங்க சும்மா இருங்க, கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்று அழைத்துப் போயிருப்பார்கள். அந்தக் கையெழுத்துக்கு என்ன பொருள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இன்னொரு பக்கம், சமூகப்பணி படிக்கிற தம்பி தங்கைகள் நாளைக்குக் களத்தில் இறங்கப் போகிறார்கள். கணக்கு என்பது அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் தலைவலி, நம் வேலை ஜனங்களோடு என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது.

ஏன் என்று ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். தென் மாவட்டம் ஒன்றில், மழையை நம்பிப் பிழைக்கும் ஊர்களில், ஒரு சிறிய அறக்கட்டளை பன்னிரண்டு மாலைநேரப் படிப்பு மையங்களை நடத்திவந்தது. பெயர் வேண்டாம். ஒவ்வொரு மையத்துக்கும் அந்தந்த ஊரிலேயே பிளஸ் டூ படித்த ஒரு பெண் ஆசிரியை. மாலை ஆறு மணிக்குக் கோயில் மண்டபத்திலோ, சமுதாயக் கூடத்திலோ விளக்கைப் போட்டு உட்கார்ந்தால் எட்டு மணி வரை பிள்ளைகள் படிப்பார்கள். வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகள். பணம் கொடுத்த நிறுவனத்துக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. அடுத்த மூன்றாண்டுக்கும் தருகிறோம் என்று சொல்லியே விட்டார்கள். ஒரே நிபந்தனை: முடிகிற ஆண்டின் தணிக்கை செய்த கணக்கும், வேலை அறிக்கையும் வந்தபிறகு முதல் தவணை.

மார்ச் 31 வந்தது. கணக்கு தயாராகவில்லை. ஐந்து மையங்களின் வருகைப் பதிவேடு ஊர்களிலேயே கிடந்தது. களப்பணியாளர் மூன்று பேரிடம் முன்பணம் நின்றது. பில் எங்கே என்றால் "தர்றேன் சார்". ஒருங்கிணைப்பாளர் பிப்ரவரியில் வேலையை விட்டுப் போய்விட்டார், அறிக்கைக்கு வேண்டிய எண்ணிக்கையெல்லாம் அவர் கையில். ஏப்ரல் போச்சு, மே போச்சு. கணக்கு அனுப்பியது ஆகஸ்டில். அதுவரை ஆசிரியைகளுக்குச் சம்பளம் இல்லை. "வந்துடும், வந்துடும்" என்று இரண்டு மாதம் சும்மாவே பாடம் நடத்தினார்கள், பாவம். ஜூனில் பள்ளி திறக்கும்போது நாலு பேர் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த நாலு ஊரிலும் மறுபடி மையம் திறக்கவே இல்லை.

இதில் யாரும் பணம் திருடவில்லை. பணம் இல்லாமலும் இல்லை. கொடுப்பவர் பெட்டியில் தயாராகத்தான் இருந்தது. போக வேண்டிய காகிதம் போகவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் என்னைக் கணக்கைப் பார்க்கக் கூப்பிட்டார்கள்.

அந்தக் கணக்கைப் பார்த்ததிலிருந்து எங்கே போனாலும் ஒன்றை முதலில் சொல்கிறேன். வருட முடிவு வேலை மார்ச்சில் ஆரம்பிக்கிறதில்லை. பொங்கல் முடிந்த மறுநாள் ஆரம்பிக்க வேண்டும். டிசம்பர் முடிய ஒன்பது மாதக் கணக்கை எடுத்து, பட்ஜெட்டைப் பக்கத்தில் வைத்து, களப்பணியாளர், ஒருங்கிணைப்பாளர், கணக்காளர், முடிந்தால் பொருளாளர் எல்லாரும் ஒரே பாயில் உட்கார வேண்டும். முக்கால் வருடம் போயிருக்கிறது, முக்கால் பங்கு வேலை நடந்திருக்கிறதா, முக்கால் பங்கு பணம் செலவாகியிருக்கிறதா என்று தலைப்பு வாரியாகப் பார்க்க வேண்டும். வேலை நடந்து பணம் போகவில்லை என்றால் பில் எங்கோ தூங்குகிறது. பணம் போய் வேலை நடக்கவில்லை என்றால் அன்றைக்கே கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும்.

இந்த இரண்டும் பொருந்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய காரியம். ஓர் உதாரணம். மூன்று நாள் பயிற்சி, நாற்பது பேர், சாப்பாடு ஆளுக்கு நாளைக்கு 90 ரூபாய். ஹோட்டல்காரர் பில் 10,800. கணக்காளர் பில்லைப் பார்த்தார், செக் போட்டார், சரி. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் முப்பத்தோரு கையெழுத்து. அறிக்கையில் "சுமார் 45 பெண்கள் கலந்துகொண்டனர்". மூன்று காகிதம், மூன்று கணக்கு! நடந்தது என்னவோ நேர்மையாகத்தான் நடந்திருக்கும். நாற்பது பேருக்குச் சொல்லிவைத்தார்கள், முப்பத்தோரு பேர் வந்தார்கள், சில பெண்கள் கைக்குழந்தையோடு வந்தார்கள், அறிக்கை எழுதியவர் குழந்தைகளையும் சேர்த்து எண்ணிவிட்டார். ஆனால் 31 பேருக்கு மூன்று நாள் என்றால் 8,370 ரூபாய்தான். மீதி 2,430 எங்கே என்று ஆடிட்டர் கேட்பது பதினாறு மாதம் கழித்து. அப்போது யாருக்கு ஞாபகம் இருக்கும்? பயிற்சி முடிந்த அன்று சாயங்காலமே பில்லின் பின்னால் "நாற்பது பேருக்குச் சொல்லிவைத்தோம், முப்பத்தோரு பேர் வந்தார்கள், மீதிச் சாப்பாடு விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்" என்று ரெண்டு வரி எழுதி, விடுதிக் காப்பாளரிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் விஷயம் முடிந்தது. கம்ப்யூட்டர் வந்தும், டாலி வந்தும், இந்த ரெண்டு வரியை எழுதுகிற மெஷின் இன்னும் வரவில்லை.

ஆகவே ஜனவரியில் நான் ஊர் ஊராகப் போய்ப் பதிவேட்டையும் வவுச்சரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பிள்ளைகள் முனகுவார்கள். "அக்கா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" உங்கள் மேல் நம்பிக்கை இருப்பதால்தான் வந்தேன் கண்ணு, உன்னைத் தெரியாதவன் நாளைக்கு இதைப் பார்ப்பான் என்பேன்.

அடுத்து, செலவாகாமல் நிற்கிற பணம். நம் ஊர் நிறுவனங்களுக்கு இதில் ஒரு வெட்கம் இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மானம் போய்விடும், அடுத்த வருஷம் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் மார்ச் மாதம் மாவடுவுக்கு மட்டுமல்ல, பில்லுக்கும் சீசன். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் மார்ச் கடைசி வாரத்தில் தையல் மிஷின்களை மொத்தமாக வாங்கினார்கள். ஜூலையில் பணம் கொடுத்தவர் பார்க்க வந்தபோது அட்டைப்பெட்டி கூடப் பிரிக்கவில்லை. தையல் சொல்லித்தர ஆளே நியமிக்கவில்லை. பணம் செலவானது உண்மை, பில் உண்மை, மிஷினும் உண்மை. அடுத்த மானியம் வரவில்லை, அதுவும் உண்மை.

அரசாங்கமே இதைக் கூடாது என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில், நிதியாண்டின் கடைசி மாதங்களில் அவசர அவசரமாகச் செலவு செய்வது நிதி ஒழுங்கை மீறுவதாகும் என்று இருக்கிறது. அதை எழுதிய அரசாங்கத்தின் அலுவலகங்களில் மார்ச் கடைசி வாரம் எப்படி இருக்கும் என்பது இங்கே ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களுக்குத் தெரியும். சிரிக்கிறார்கள், பாருங்கள்.

பணம் மிஞ்சும் என்று ஜனவரியில் தெரிந்தால் ஜனவரியிலேயே கொடுத்தவருக்கு ஒரு கடிதம். ஏன் மிஞ்சுகிறது, எவ்வளவு மிஞ்சும், மூன்று மாதம் காலம் நீட்டித்தால் இன்ன வேலையை முடிப்போம், கூடுதல் பணம் வேண்டாம். அல்லது இந்தத் தலைப்பில் மிஞ்சுவதை அந்தத் தலைப்புக்கு மாற்ற அனுமதி வேண்டும். என் அனுபவத்தில் ஜனவரிக் கடிதத்துக்கு "சரி" என்ற பதில்தான் பெரும்பாலும் வந்திருக்கிறது. அதே கடிதம் ஏப்ரல் 10-ஆம் தேதி போனால் அது விளக்கக் கடிதம் ஆகிவிடும். அனுமதி எழுத்தில் வர வேண்டும். "போன்ல ஓகே சொன்னாங்க" என்பதை எந்த ஆடிட்டரும் பைலில் கோக்க முடியாது.

ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு குணம் உண்டு. கல்யாண மொய் போல எல்லாவற்றையும் ஒரே பையில் போட முடியாது. அரசு மானியம் என்றால் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும்; பொது நிதி விதிகள்படி நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள். அந்தப் பணம் வங்கியில் கிடந்து சம்பாதித்த வட்டியும் நமக்குச் சொந்தமில்லை, கணக்கு முடிந்ததும் அரசுக்கே கட்ட வேண்டும். நிறைய பேர் இந்த வட்டியை "இதர வருமானம்" என்று சந்தோஷமாக எழுதிவிடுகிறார்கள். கம்பெனிகள் தருகிற சமூகப் பொறுப்பு நிதிக்கு 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். மூன்று வருட சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 2021 திருத்தத்துக்குப் பிறகு, நமக்குக் கொடுத்துவிட்டால் மட்டும் கம்பெனிக்குப் போதாது; கொடுத்த பணம் சொன்ன காரியத்துக்குச் செலவானது என்று அவர்களுடைய தலைமை நிதி அதிகாரி சான்று தர வேண்டும். தொடர் திட்டத்தில் மிஞ்சிய பணத்தை, வருடம் முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். மார்ச் 25 வாக்கில் கம்பெனியிலிருந்து தினம் நாலு போன் வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள்.

வெளிநாட்டுப் பணம் இருக்கிறதே, அதுதான் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியது. 1976-இல் முதல் சட்டம், அப்புறம் 2010 சட்டம், 2020-இல் பெரிய திருத்தம். அந்தத் திருத்தத்தில் மூன்று காரியம் நடந்தது. பணம் முதலில் புதுடெல்லியில் ஸ்டேட் பேங்கின் ஒரே கிளையில்தான் இறங்க வேண்டும் என்றார்கள். ஒரு நிறுவனம் வாங்கி இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். பெரிய நிறுவனங்களை அண்டி நடந்த எத்தனையோ கிராமத்துக் குழுக்கள் அத்தோடு தவித்தன. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. ஐம்பது லட்சம் வந்தால் பத்து லட்சத்துக்குள்.

இந்த இருபது சதவீதத்தில் வருஷா வருஷம் மாட்டிக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எது நிர்வாகச் செலவு என்று விதியிலேயே இருக்கிறது. பள்ளிக்கூட ஆசிரியர் சம்பளமும் ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளமும் நிர்வாகச் செலவு அல்ல, அது நோக்கத்துக்கான நேரடிச் செலவு. அலுவலக வாடகை, கணக்காளர் சம்பளம், வண்டி ஓட்டுகிற, பராமரிக்கிற செலவு, அறிக்கை எழுதுகிற செலவு இவையெல்லாம் நிர்வாகம். "சம்பளம்" என்று ஒரே தலைப்பில் மொத்தமாக எழுதிவைத்தால் மார்ச்சில் எதைப் பிரிப்பது, எப்படிப் பிரிப்பது? ஏப்ரல் மாதம் முதல் வவுச்சரிலேயே பிரித்து எழுத வேண்டும். ஆண்டறிக்கையை நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த வருஷம் ஒரு ரூபாய் கூட வரவில்லை என்றாலும் "வரவில்லை" என்று தாக்கல் செய்யணும். இதைச் செய்யாமல் பதிவை இழந்த நிறுவனங்கள் உண்டு.

வருமான வரியில் பழைய 1961 சட்டம் போய், 2025-இல் நிறைவேறிய புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. படிவ எண்களெல்லாம் மாறியிருக்கின்றன. மனப்பாடமாக வைத்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு வருத்தம்தான்! ஆனால் அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்கிற அடிப்படை அப்படியேதான். நாற்பது லட்சம் வருமானம் என்றால் முப்பத்துநாலு லட்சம். முடியாவிட்டால், அடுத்த ஆண்டு செலவிடுகிறோம் என்றோ, இன்ன நோக்கத்துக்காகச் சேர்த்து வைக்கிறோம் என்றோ உரிய காலத்துக்குள் எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது. வழி இருக்கிறது என்று தெரியாமல்தான் தையல் மிஷின் வாங்குகிறார்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். 2021-22 நிதியாண்டிலிருந்து, உண்மையில் பணம் போனால்தான் செலவு. மார்ச் மாதச் சம்பளத்தை "தர வேண்டியது" என்று எழுதிவிட்டு ஏப்ரல் 5-ஆம் தேதி கொடுத்தால், வரிக் கணக்கில் அது அடுத்த வருஷத்துச் செலவு. கொடுப்பவரின் திட்டக் கணக்கிலோ அது இந்த வருஷத்துச் செலவு. ரெண்டுக்கும் நடுவில் ஒரு சமன்பாட்டுத் தாள் போட்டு வைக்காவிட்டால் ஆடிட்டர் முன்னால் விழிக்க வேண்டியதுதான். அதே மாதிரி ஒருவருக்கு ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவும் சேராது என்று 2018-19 முதலே அறக்கட்டளைகளுக்கும் வந்துவிட்டது. பந்தல்காரர், ஜெனரேட்டர்காரர் எல்லாருக்கும் பேங்க் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். "நம்ம ஊர் ஆளுதானே" என்று கையில் எண்ணிக் கொடுக்காதீர்கள்.

பொருளாளர் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்ச் 31 சாயங்காலம் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பெட்டியில் இருக்கிற ரொக்கத்தை உங்கள் கண்முன் எண்ணச் சொல்லுங்கள். ஐந்நூறு எத்தனை, நூறு எத்தனை, சில்லறை எத்தனை என்று எழுதி, கேஷ்புக்கோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். இதற்குக் கால் மணி நேரம் போதும். பாஸ்புக்குக்கும் நம் புத்தகத்துக்கும் வித்தியாசம் என்ன, கொடுத்து இன்னும் மாறாத செக் எது என்று கேளுங்கள். 2012 ஏப்ரலிலிருந்து செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான். டிசம்பரில் கொடுத்த செக் இன்னும் பட்டியலில் நின்றால் அது செத்த செக். யார் யாரிடம் முன்பணம் நிற்கிறது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மானியத்தில் வாங்கிய பீரோ, கம்ப்யூட்டர், வண்டி எங்கே என்று பதிவேட்டோடு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சில வீடுகளில் திட்டத்துக் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

களத்துக்குப் போகப்போகும் தம்பி தங்கைகளுக்கு வேறு ஒன்று. அறிக்கையில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை. இருபத்தைந்து குழு ஆரம்பிப்பதாகச் சொன்னோம், பத்தொன்பதுதான் முடிந்தது, இரண்டு ஊரில் கட்சிச் சண்டை, நாலு ஊரில் பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போகிற நேரத்தில் கூட்டம் வைத்தோம், நேரத்தை மாற்றிய பிறகு வருகிறார்கள். இப்படி எழுதிய அறிக்கையைத்தான் நான் பார்த்த பணம் கொடுப்பவர்கள் முழுதாகப் படித்தார்கள். "இலக்கு நூறு சதவீதம் எட்டப்பட்டது" என்ற அறிக்கையை அவர்கள் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை, அல்லது நேரே ஆளை அனுப்பிப் பார்க்கிறார்கள். வேலையை விட்டுப் போகிறவர்கள், நல்ல சம்பளத்துக்குப் போங்கள், சந்தோஷம். ஆனால் பதிவேடும் எண்ணிக்கையும் போட்டோவும் யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுப் போங்கள். முன்னால் சொன்னேனே, ஒருங்கிணைப்பாளர் பிப்ரவரியில் போன கதை. அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வாங்கி வைக்கத் தெரியாத அலுவலகத்தின் மேல்தான்.

மார்ச் 31-ஓடு வேலை ஒப்பந்தம் முடிகிறவர்களிடம் பிப்ரவரியிலேயே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. அடுத்த தவணை உறுதியா, உறுதியில்லையா, எத்தனை மாதம் தாமதமாகலாம், அதுவரை நிறுவனத்தின் சொந்த நிதியிலிருந்து எவ்வளவு தாங்க முடியும் என்று உட்கார்ந்து பேச வேண்டும். சொன்னால் ஓடிவிடுவார்கள் என்று நிர்வாகிகள் பயப்படுகிறார்கள். சொல்லாமல் விட்டாலும்தான் போகிறார்கள். சொன்னால், குறைந்தது அந்தப் பெண் தன் வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் ஒரு ஏற்பாடு செய்துகொள்வாள். அந்தப் பன்னிரண்டு மைய அறக்கட்டளையில் பிறகு வந்த நிர்வாகக் குழு, இரண்டு மாதச் சம்பளத்துக்கான பணத்தை உள்ளூர் நன்கொடையாகத் திரட்டித் தனியாக ஒரு கணக்கில் போட்டுவைத்தது. ஊர்க்காரர்கள் நெல்லாகவும் மிளகாயாகவும் கூடக் கொடுத்தார்கள். அதை விற்றுப் பணமாக்கி, அதற்கும் ரசீது எழுதினோம். மீதி எட்டு மையமும் இப்போது நடக்கின்றன. அடுத்த வருடக் கணக்கை மே கடைசியிலேயே கொடுத்துவிட்டோம். ஆடிட்டர் நம்பவில்லை, வருஷம் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று இரண்டு தடவை தேதியைப் பார்த்தார்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பொருளாளர் பொறுப்பில் இருக்கிறவர்கள், சந்தேகம் இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்கள். பதில் சொல்கிறேன், பாயசத்தை மட்டும் கேட்காதீர்கள். வணிகவியல் துறை மாணவர்கள் யாருக்காவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை சனிக்கிழமைகளில் எங்களோடு ஊருக்கு வந்து பதிவேடு சரிபார்க்க விருப்பம் இருந்தால், துறைத் தலைவரிடம் பெயர் கொடுங்கள். பஸ் கட்டணம் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, இரண்டுக்கும் பில் கேட்போம்.